டைனமோவும் கிழவரின் விமானமும்

நான் வேலை செய்கிற றெஸ்ரோறண்ட் ஒரு சின்ன விமானத் திடலின் ஓரத்தில் இருக்கிறது. பாரிசிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம், பிறகு சைக்கிளில் இருபது நிமிடம். பெரிய விமானங்கள் வருகிற இடமில்லை. புல்லுத்தரை ஓடுபாதை ஒன்று, நாலைந்து தகரக் கொட்டகைகள், சனி ஞாயிறுகளில் பறந்து விளையாடுகிற பென்சன்காரர்கள். இறங்கியவுடன் வந்து இறைச்சியும் பொரித்த உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். குசினி யன்னலால் அவர்களுடைய கதையைக் கேட்டுக் கேட்டே விமானத்தின் பாகங்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர் எனக்குப் பாடம்.

போன வருடம் சித்திரையில் ஒரு புதன்கிழமை. மத்தியானச் சனம் போய்விட்டது, நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் வாடிக்கைக் கிழவர் ஒருவர் குசினி வாசலில் வந்து நின்று, பழைய துணியால் சுற்றிய ஒரு சாமானை அவித்த கரட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கைக்கு அடக்கமான அலுமினியப் பெட்டி. ஒரு பக்கம் செதில் செதிலாகத் தகடு, மறுபக்கம் வயர் செருகுகிற ஆறு முனைகள். அதில் இரண்டு முனைகள் பழுப்பாகி, பக்கத்துப் பிளாஸ்ரிக் உருகி வழிந்திருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோகத் தேவையில்லை, எரிந்த மணம் தானாக வந்தது.

அவருடைய விமானத்தின் வோல்ற்றேஜ் ரெகுலேற்றர் அது.

என்னிடம் ஏன் காட்டினார் என்றால், அதற்கு முதல் வருடம் எங்கள் குளிர் அறையின் தேர்மோஸ்ராற் பழுதானபோது, ஆள் வரும்வரைக்கும் இறைச்சி கெட்டுவிடும் என்று நானே கழற்றித் திருத்தினேன். முதலாளி அதை வாற போற எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். பேராதனையில் மின்பொறியியல் மூன்றாம் வருடத்தோடு 2006 இல் விட்டுவிட்டு வந்தவன் நான். அதற்குப் பிறகு நான் தொட்ட மின்சாரமெல்லாம் குசினி மின்சாரம்தான்.

நடந்தது இதுதான். கிழவர் ஏறி இருபது நிமிடத்தில் வோல்ற் மீற்றர் 14 இலிருந்து 12 க்கு வந்திருக்கிறது, பிறகு 11.6. றேடியோ கரகரத்து நின்றுவிட்டது. நல்லகாலம், கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் அவர் போகவில்லை. திரும்பி வந்து பேசாமல் இறங்கிவிட்டார். எஞ்சின் நிற்கவில்லையா என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. அவருடையது றோட்டக்ஸ் 912, ஒஸ்ரியாவில் செய்கிற நாலு சிலிண்டர் எஞ்சின். உலகத்தில் இந்த ரக விமானங்களில் முக்கால்வாசி இடத்தில் இதைத்தான் காணலாம் என்று திடலில் சொல்லுவார்கள். கார்பரேற்றர் வைத்த மாதிரியில் பற்றவைப்புக்கு பற்றரி தேவையில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற காந்தம், அதற்கு நடுவே கம்பிச் சுருள்கள். அந்தச் சுருள்களில் இரண்டு பற்றவைப்புக்கு மட்டும், ஒவ்வொன்றும் ஒரு தனி வழிக்கு. மற்றச் சுருள்கள் பற்றரிக்கும் றேடியோவுக்கும். ரெகுலேற்றர் எரிந்தாலும் எஞ்சின் தன் பாட்டில் ஓடும். (பெற்றோலை ஊசியால் பீய்ச்சுகிற 912 ஐஎஸ் என்ற மாதிரி வேறு கதை, அதற்கு மின்சாரம் கட்டாயம் வேண்டும்.)

கிழவர் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். கிளப்பில் ஒருத்தர் சொல்லியிருக்கிறார், மோட்டார்சைக்கிளுக்கு வாற 50 அம்பியர் ரெகுலேற்றர் மலிவாக இருக்கிறது, பழையது 22 அம்பியர்தானே, பெரிசு போட்டால் எரியாது என்று. அதோடு ஈயப் பற்றரியையும் தூக்கி எறிந்துவிட்டு லிதியம் பற்றரி போட்டால் மூன்று கிலோ குறையும். எல்லாம் சரிதானே, வாங்கவா?

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த "பெரிசு போட்டால் எரியாது" என்ற சொல்லு என்னைக் கொண்டுபோய் 1991 இல் விட்டது.

யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் நின்று ஒரு வருடத்துக்கு மேல். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரி ஒன்று கிடைத்தால் பொன். அதனால் ஊரெல்லாம் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டார்கள். எங்கள் வீட்டில் மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் எடுத்து, நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு றேடியோவுக்குக் கொடுத்திருந்தார். பெடலைக் கையால் சுற்றுகிற வேலை எனக்கு. பத்து வயது.

மாமா ஒரு விசயம் செய்திருந்தார், அதன் அருமை எனக்குப் பேராதனையில்தான் விளங்கியது. றேடியோ எடுக்கிற மின்சாரம் கொஞ்சம். டைனமோ செய்யப்பட்டது 3 வாற்று விளக்குக்கு. விளக்கு எரியும்போது 6 வோல்ற்றில் நிற்கிற டைனமோ, சுமை இல்லாமல் வேகமாகச் சுற்றினால் இருபதுக்கும் மேல் போகும். அதனால் மாமா சைக்கிளின் முன் பல்ப்பையும் கழற்றாமல் சேர்த்து எரியவிட்டார். மிச்ச மின்சாரத்தை விளக்கு குடிக்கும். வெளிச்சம் வீண்தான், ஆனால் றேடியோ தப்பும்.

அந்த ஆடி மாதம் ஆனையிறவில் சண்டை. பக்கத்து வீட்டு மாமியின் மகன் இயக்கத்தில், எங்கே நிற்கிறான் என்று தெரியாது. இரவில் பிபிசி தமிழோசை கேட்க மாமி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து இருப்பா. ஒருநாள் செய்தி தொடங்கி ஆனையிறவு என்ற சொல் வந்தவுடன், குரல் தெளிவில்லாமல் இருக்கிறது என்று நான் விரைவாகச் சுற்றினேன். பல்ப் ஒருமுறை வெள்ளையாக மின்னி அணைந்தது. அடுத்த கணம் றேடியோ கத்தியது. பிறகு ஒன்றுமில்லை. இருட்டு. மாமி "என்ன சொன்னவன், என்ன சொன்னவன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

றேடியோ திருத்த ஐந்து நாள் எடுத்தது. மாமா எனக்கு அடிக்கவில்லை. "நீ சுத்தினதில பிழையில்லை. பல்ப் போனால் என்ன நடக்குமெண்டு நான் யோசிச்சிருக்க வேணும்" என்றார்.

கிழவரின் விமானத்தில் இருப்பதும் அந்த டைனமோதான். கொஞ்சம் பெரிது, அவ்வளவே. நிரந்தரக் காந்தம், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற வோல்ற்றேஜ். இதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். செஸ்னாவில் இருக்கிற லைக்கோமிங் எஞ்சினுக்கு அல்ரனேற்றர் கார்களில் வருவது போன்றது. அதில் நிரந்தரக் காந்தம் இல்லை, ஒரு சுருளுக்குக் கொஞ்ச மின்சாரம் கொடுத்துக் காந்தமாக்குவார்கள். அங்கே ரெகுலேற்றரின் வேலை அந்தச் சின்ன மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது. நிறுத்த வேண்டுமென்றால் அதை வெட்டினால் சரி, அல்ரனேற்றர் செத்த மாதிரி. றோட்டக்ஸில் காந்தத்தை அணைக்க ஏலாது. எஞ்சின் சுற்றும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும், முழு மின்சாரமும் ரெகுலேற்றர் ஊடாகத்தான் போகவேண்டும். கிளப்பில் செஸ்னா வைத்திருக்கிறவர் சொல்லுகிற புத்தி கிழவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அடுத்த புதன்கிழமை கடதாசியும் பேனையுமாக இருந்தோம். முதலில் கேட்டது, இந்த டைனமோ எவ்வளவு தரும்? எஞ்சின் கையேட்டில் இருக்கிறது, 5500 சுற்றில் ஏறத்தாழ 250 வாற்று. 14 ஆல் பிரித்தால் 18 அம்பியர். இதற்குப் பின்னால் 22 அம்பியர் ரெகுலேற்றர் வைத்தாலென்ன 50 வைத்தாலென்ன, வருவது அந்தப் 18 தான். கிணற்றில் இருக்கிற தண்ணிதான் வாளியில் வரும். கூட வேண்டுமென்றால் இதே எஞ்சினுக்கு வெளியில் பூட்டுகிற 40 அம்பியர் அல்ரனேற்றர் இருக்கிறது, அது பாரமும் காசும்.

பிறகு அவர் எவ்வளவு பாவிக்கிறார் என்று அளந்தோம். கிளாம்ப் மீற்றர் ஒன்று என்னிடம் இருந்தது. றேடியோ கேட்கும்போது அரை அம்பியரும் இல்லை, கதைக்கும்போது இரண்டு. ட்ரான்ஸ்போண்டர், மின்னுகிற எல்ஈடி விளக்கு, வரைபடம் காட்டுகிற ரப்லெற், துணைப் பெற்றோல் பம்ப் எல்லாம் சேர்த்து ஒன்பதைத் தாண்டவில்லை. பாதிதான். அப்படியென்றால் ரெகுலேற்றர் சுமையால் எரியவில்லை.

வெப்பத்தால் எரிந்தது. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தவுடன் தெரிந்தது. முதல் சொந்தக்காரர் அதை எஞ்சின் அறைக்குள், தீத்தடுப்புச் சுவரில், சைலன்சருக்கு ஒரு சாண் மேலே பூட்டியிருந்தார். காற்று வருகிற குழாய் ஒன்றும் இல்லை. அந்தச் சுவருக்குப் பெயின்ற் அடித்திருந்தது, பெட்டியின் உடம்புதான் நெகற்றிவ்வுக்குப் போகிற வழி, பெயின்ற்றுக்கு மேல் பூட்டினால் அந்த வழி அரைகுறை. செருகு முனைகளில் இரண்டு தளர்ந்து ஆடின. தளர்ந்த முனையில் பத்து அம்பியர் போனால் அந்த இடமே அடுப்பு.

கணக்கும் போட்டுக் காட்டினேன். இந்த ரகப் பெட்டிக்குள் மின்சாரம் ஒரு டயோட்டும் ஒரு தைரிஸ்ரரும் கடந்து போகிறது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 2 வோல்ற் விழும். 15 அம்பியர் போனால் 30 வாற்று வெப்பம். ஈயம் ஒட்டுகிற சின்ன சோல்டரிங் அயன் 30 வாற்றுத்தான். அதைச் சைலன்சருக்கு மேலே ஒரு மூடிய பெட்டிக்குள் மணிக்கணக்காக எரியவிட்டால் என்ன நடக்கும்? கையேடு 80 பாகைக்கு மேல் கூடாது என்கிறது. வெப்பம் ஏறினால் நிறம் மாறுகிற ஒட்டுத்தாள் ஒன்றை, கிளப்பில் கடன்வாங்கிய ரெகுலேற்றரை அதே இடத்தில் தற்காலிகமாகப் பூட்டி, அதில் ஒட்டித் தரையில் எஞ்சினை ஓட விட்டோம். பதினைந்து நிமிடத்தில் 90 ஐத் தாண்டிவிட்டது.

ஆக, எதை வாங்குவது என்பதைவிட எங்கே பூட்டுவது என்பது முந்தின கேள்வி. கிழவருக்கு இது பிடிக்கவில்லை. புதுச் சாமான் வாங்குகிற ஆசை எந்த வயதிலும் இருக்கும்போல.

ஆனாலும் எதை வாங்குவது என்ற கேள்வி இருக்கத்தான் செய்தது. அந்த மோட்டார்சைக்கிள் பெட்டியை நான் வேண்டாம் என்றேன். அது மூன்று வயருக்கு, அதாவது மூன்று பேஸ் மின்சாரத்துக்குச் செய்தது. றோட்டக்ஸிலிருந்து வருவது இரண்டு மஞ்சள் வயர் மட்டும். இரண்டை மட்டும் செருகி ஓட்டலாம், ஓட்டுகிறார்கள், ஆனால் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சும்மா இருக்க மற்ற இரண்டும் முழுச் சுமையையும் தாங்கும். 50 என்று எழுதியிருப்பது 50 இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. மோட்டார்சைக்கிளுக்கு வாறவை பெரும்பாலும் ஷண்ட் வகை. என்ன செய்யும் என்றால், பற்றரிக்குப் போதும் என்றவுடன் மிச்ச மின்சாரத்தைச் சுருளின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே ஓடவிடும். மாமாவின் பல்ப் செய்த வேலை. பற்றரிக்குத் தேவை குறையக் குறைய சுருளுக்குள் வீணாக ஓடுகிற மின்சாரம் கூடும்.

மோட்டார்சைக்கிள் வேகம் கூடும் குறையும், நிற்கும். விமானம் அப்படியில்லை. 5000 சுற்றில் இரண்டு மணித்தியாலம் ஒரே சீராக ஓடும். அவ்வளவு நேரமும் அந்தச் சுருள் முழு மின்சாரத்தோடு வேகும். ரெகுலேற்றர் தப்பலாம், சுருள் தப்பாது. பற்றவைப்புச் சுருள்கள் இரண்டும் இருப்பது அதே வட்டத்தில் என்று முன்னே சொன்னேனே. றேடியோ நின்றால் இறங்கலாம். இது றேடியோ விசயத்தைக் கொண்டுபோய் எஞ்சினோடு கட்டுகிற வேலை. இதைச் சொன்னபோதுதான் கிழவர் பேனையைக் கீழே வைத்தார்.

"நீ எஞ்சினியரா?" என்று கேட்டார்.

"இல்லை. முக்கால்வாசி."

"நான் தபால்காரன். முக்கால்வாசி எனக்குக் காணும்."

சீரீஸ் வகை என்று மற்றது. தேவையில்லாத நேரம் வழியைத் திறந்து விட்டுவிடும். சுருளில் மின்சாரமே ஓடாது, வெப்பமும் இல்லை. ஆனால் அப்போது சுருளின் வோல்ற்றேஜ் பல பத்துக்கு ஏறி நிற்கும், அதைத் தாங்கக்கூடிய உதிரிகள் உள்ளே இருக்கவேண்டும். எஞ்சினோடு வருவதும் அதே வழியில் வேலை செய்வதுதான் என்றபடியால், அதே அளவில் அதே மாதிரியையே எடுப்பது என்று முடிவாகியது. தைரிஸ்ரருக்குப் பதிலாக மொஸ்ஃபெற் போட்ட, வெப்பம் குறைந்த பெட்டிகளும் கடையில் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் வோல்ற் விழுவது குறைவு என்பதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பதைவிட, அந்தக் காசில் பாதிக்குக் காற்றுக்குழாய் போடலாம்.

லிதியம் பற்றரியில்தான் இழுபறி. மூன்று கிலோவை அவர் விடமாட்டன் என்றார். அந்தப் பற்றரிக்கு 14.2 வோல்ற் நல்லாய்ப் பொருந்தும், அதில் பிரச்சினையில்லை. பிரச்சினை அதற்குள் இருக்கிற காவல்காரன். வோல்ற்றேஜ் கூடினால் தன்னைக் காப்பாற்ற அது பற்றரியைச் சட்டென்று வெட்டிவிடும். வெட்டினால்? பல்ப் அணைந்த சைக்கிள். ஈயப் பற்றரி ஒரு குளம் மாதிரி, ஏறுகிறதை வாங்கிக்கொள்ளும். அது இல்லாத நேரம் டைனமோ தள்ளுவதெல்லாம் நேரே றேடியோவுக்கும் ட்ரான்ஸ்போண்டருக்கும். கையேடு கேட்கிற 22,000 மைக்ரோஃபராட் கப்பாசிற்றர் அவருடைய விமானத்தில் இருக்கவே இல்லை. அது பற்றரி விலகினாலும் கொஞ்சம் சமாளிக்கிறதுக்கு. அதோடு, 16 வோல்ற்றைத் தாண்டினால் மஞ்சள் வயரையே வெட்டுகிற ஒரு ரிலே போடாமல் லிதியம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ரெகுலேற்றருக்குள் தைரிஸ்ரர் ஒட்டிப்போனால் வோல்ற்றேஜ் ஏறிக்கொண்டே போகும், வேறு வழியால் நிறுத்தேலாது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது மனிசிக்குக் கோபம். "உங்களுக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை? நாளைக்கு அந்த மனிசன் விழுந்தால் ஆரிட்டை வருவாங்கள்? குசினிக்காரன் சொல்லித்தான் பூட்டினதெண்டு சொல்லுவாங்கள். பேப்பரிலை 'ஸ்ரீலங்கன்' எண்டு போடுவாங்கள்."

அவள் சொன்னதில் பிழையில்லை. இரண்டு இரவு நித்திரை வரவில்லை. பிரான்சில் இந்த ரகச் சின்ன விமானத்துக்குச் சொந்தக்காரரே பொறுப்பு, அவரே பாகம் மாற்றலாம், யாரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. கேட்க லேசாக இருக்கும். கையெழுத்து வைக்க ஆளில்லாத இடத்தில் புத்தி சொன்னவன் தலைதான் வெளியே தெரியும். அதனால் நாங்கள் கதைத்ததையெல்லாம் இரண்டு பக்கத்தில் பிரெஞ்சில் எழுதி (மகள் எழுத்துப்பிழை திருத்தினாள்), இந்த எஞ்சினிலேயே வேலை செய்கிற ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு ஆணிகூடப் பூட்டக்கூடாது என்று கிழவரிடம் சொன்னேன்.

மெக்கானிக் இரண்டு திருத்தம் செய்தார். கப்பாசிற்றரை எஞ்சின் அறைக்குள் வைக்காதே, அதுவும் வெப்பத்தில் சாகும், உள்ளே கொண்டுபோ. மற்றது, நான் நெகற்றிவ் வயரை மெல்லியதாகக் கீறியிருந்தேன், தடிப்பாகப் போடச் சொன்னார். மிச்சத்துக்குத் தலையாட்டினாராம். "இதை எழுதினவன் எங்கே வேலை செய்கிறான்" என்று கேட்டதற்குக் கிழவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஒரு கிழமை கழித்து அந்த மெக்கானிக் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்து குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனியில் பூட்டி முடிந்தது. சுவரின் மறுபக்கம், ஆள் இருக்கிற பக்கத்தில், பெயின்ற்றைச் சுரண்டி, தடித்த அலுமினியத் தகட்டில். மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று. திரும்ப ஒட்டுத்தாள் ஒட்டினோம். வெயில் நாளில் ஒரு மணித்தியாலம் பறந்தபிறகும் 60 க்குக் கீழே.

ஆவணியில் கிழவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார். மனிசியிடம் சொல்லவில்லை, இதை வாசித்தால் தெரியவரும். கீழே செய்ன் ஆறு, காடு, கோதுமை வெட்டின வயல், எல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். நான் பார்க்கிறேன் என்று தலையாட்டினேன். என் கண் மீற்றரிலேயே இருந்தது. 14.1. அவர் எஞ்சினைக் குறைத்தார், 14.0. கூட்டினார், 14.1. எனக்குக் கை உளைந்தது. அப்போதுதான் கவனித்தேன், கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்து, மெல்லமாக ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.